பழைய குரூசர் வாங்குமுன் மாடலைவிட வண்டியைப் பாருங்கள்

விழுப்புரத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. வயது 43, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். தினமும் 20 கிலோமீட்டர் அலுவலகத்துக்குப் போய்வர வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மனைவியோடு புதுச்சேரிக்கோ ஏற்காட்டுக்கோ போய்வர ஆசை. முதுகு வலி இருப்பதால் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் குரூசர் வகை வண்டிதான் வேண்டும், புதியது வாங்க வசதி இல்லை. சென்னையில் மூன்று பழைய வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்: 48,000 கி.மீ. ஓடிய 2016-ஆம் ஆண்டு பஜாஜ் அவெஞ்சர் 220; வெறும் 9,000 கி.மீ. மட்டுமே ஓடிய 2014-ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350; 31,000 கி.மீ. ஓடிய 2021-ஆம் ஆண்டு மீட்டியர் 350. மீட்டியரின் விலைதான் கையிலிருக்கும் பணத்துக்குச் சற்று எட்டாமல் நிற்கிறது. குறைவாக ஓடிய தண்டர்பேர்டையே வாங்கிவிடலாம் என்று மனம் சாய்கிறது, எது நம்பகமான மாடல் என்று சொல்லுங்கள் என்கிறார்.

நீங்கள் எழுதியிருப்பது மாடலைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, வாங்கிய மூன்றாம் மாதம் திண்டிவனத்துக்கு அப்பால் இரவு எட்டு மணிக்கு மனைவியோடு உங்களை நடுவழியில் நிறுத்திவிடாத வண்டி எது என்பதுதான் என்று நினைக்கிறேன். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். மாடலைப் பொறுத்தவரை மூன்றுமே நல்ல வடிவமைப்புகள். மூன்றுக்கும் உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. மூன்றையும் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். பத்தாண்டு பழகிய வண்டியின் நம்பகத்தன்மையில் பெரும்பங்கு, அதை வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்பதில்தான் அடங்கியிருக்கிறது. தாம்பரத்தை அடுத்த ஒரு பணிமனையில் 22 ஆண்டுகளாக இந்த வகை வண்டிகளைப் பிரித்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், பிரிக்காமல் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாததையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த 9,000 கி.மீ. பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் முடிவு அதன்மேல்தான் நிற்கிறது. குரூசர் வண்டிகளுக்கென்று ஒரு தலைவிதி உண்டு. அவற்றை ஆசைக்காக வாங்குகிறார்கள், முதல் ஆறு மாதம் ஓட்டுகிறார்கள், பிறகு குழந்தை பிறக்கிறது அல்லது கார் வந்துவிடுகிறது. வண்டி உறைபோட்டுப் படிக்கட்டின் அடியில் நின்றுவிடுகிறது. நின்ற வண்டி புதிதாகவே இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரும்பு, ரப்பர், பெட்ரோல் மூன்றுமே சும்மா இருந்தாலும் கெடுபவை. அதிலும் இப்போது நாம் போடும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பாதி காலியான டேங்கில் மழைக்காலம் முழுதும் அந்தப் பெட்ரோல் நின்றால் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கும். 20 லிட்டர் கொள்ளளவுள்ள தண்டர்பேர்ட் டேங்கில் நான்கு லிட்டர் மட்டும் கிடந்தால் மீதி இடமெல்லாம் ஈரக்காற்று என்பதை நினைத்துப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆசிரியர், 350 சி.சி. குரூசர் ஒன்றை 7,000 கி.மீ. மட்டும் ஓடியது என்ற மகிழ்ச்சியோடு வாங்கி வந்தார். குரோம் பளபளத்தது, சீட்டில் ஒரு கீறல் இல்லை. ஸ்டார்ட் ஆனது, ஆனால் சோக்கை விட்டால் நின்றது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது பெட்ரோல் வாசனையே வரவில்லை, பழைய வார்னிஷ் வாசனை வந்தது. கிண்ணத்தின் அடியில் பச்சையும் பழுப்புமாக ஒரு பசை. ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜினுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் துளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வெளிச்சமே தெரியவில்லை. டேங்குக்குள் டார்ச் அடித்தபோது அடித்தளம் செம்மண் தரைபோல் இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் நின்ற இடத்திலேயே காய்ந்து போயிருந்ததால், முதல் 200 கி.மீ. ஓட்டத்திலேயே ஆயில் கசிந்து முன் டிஸ்க் வரை வந்துவிட்டது. டயர்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. பட்டன் தேயவே இல்லை, ஆனால் நகத்தால் அழுத்தினால் மரம்போல் இருந்தது. டேங்க் சுத்தம், கார்புரேட்டர், சீல், இரண்டு டயர், பேட்டரி என்று அந்த மனிதர் விலையில் மிச்சம் பிடித்ததைப்போல் இரண்டு மடங்கு செலவழித்தார்.

ஆகவே 9,000 கி.மீ. என்ற எண்ணைக் கேட்டதும் மகிழாதீர்கள். அந்தக் கிலோமீட்டர் எந்தெந்த ஆண்டுகளில் ஓடியது என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் வீதம் சீராக ஓடி, ஆண்டுக்கொருமுறை ஆயில் மாற்றிய பில்லும் இருந்தால் அது நல்ல வண்டி. முதல் இரண்டு ஆண்டில் எட்டாயிரம் ஓடிப் பிறகு நின்றே கிடந்திருந்தால், தினமும் ஓடிய 48,000 கி.மீ. அவெஞ்சரே அதைவிடத் தேவலாம். மீட்டரைத் திருப்பி வைத்திருக்கும் வாய்ப்பும் உண்டு. கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பர், பிரேக் பெடலின் முனை, கைப்பிடி ரப்பர், சாவித் துளையைச் சுற்றியுள்ள தேய்மானம் இவற்றை மீட்டர் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். மீட்டர் ஒன்பதாயிரம் காட்டி, டயர் மட்டும் வண்டியைவிட நான்கைந்து ஆண்டு இளையதாக இருந்தால், பழைய டயர் ஏன் மாற்றப்பட்டது என்று விற்பவர் விளக்க வேண்டும்.

இனி மாடல்களுக்கு வருகிறேன். மாடலைத் தெரிந்துகொள்வது, எந்த இடத்தில் தேயும் என்று பார்ப்பதற்குத்தான் உதவும். தண்டர்பேர்ட் 2002-இல் ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய, பெட்ரோலைக் குறைத்து எரிக்கும் லீன்பர்ன் இன்ஜினோடு வந்தது. பின்னர் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யு.சி.இ. இன்ஜினுக்கு மாறியது, 2012-இல் புதிய வடிவமும் கூடவே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்ட 500-உம் வந்தன, 2020-இல் மாடலே நிறுத்தப்பட்டது. நீங்கள் பார்த்திருக்கும் 2014 வண்டி யு.சி.இ., கார்புரேட்டர் வகை. இதே இன்ஜின்தான் அக்காலத்து கிளாசிக் 350-இலும் இருந்தது என்பதால், மாடல் நின்றுபோனாலும் இன்ஜின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் டேப்பெட் செட்டிங் வேலையும் கிடையாது. இதன் பலவீனமாகப் பெயர் பெற்ற இடம் செல்ஃப் ஸ்டார்ட்டின் ஸ்ப்ராக் கிளட்ச். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் விசையை இன்ஜினுக்குக் கடத்திவிட்டு, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் விலகிக்கொள்ளும் பாகம் அது. பேட்டரி பலம் குறைந்த நிலையில் செல்ஃபை அழுத்தி அழுத்தி ஸ்டார்ட் செய்பவர்களின் வண்டியில் அது சீக்கிரம் போய்விடும். செல்ஃப் அழுத்தும்போது உலோகம் உராயும் ‘கர்ர்’ என்ற ஒலியோ, மோட்டார் மட்டும் தனியே சுற்றும் ஒலியோ வந்தால் அந்த வேலை காத்திருக்கிறது என்று விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இடப்பக்க மூடியைத் திறந்து செய்ய வேண்டிய வேலை என்பதால் பாகத்தின் விலையோடு கூலியும் சேரும். நல்லவேளையாக இந்த வண்டியில் கிக்கரும் இருக்கிறது.

அவெஞ்சரில் கிக்கர் கிடையாது. இது கவாசாகி வடிவமைப்பிலிருந்து வந்த எலிமினேட்டரின் வழித்தோன்றல். 2005-இல் 180 சி.சி. ஆகத் தொடங்கி, 200 ஆகி, 2010-இல் 220 ஆனது. ஆயில் கூலர் உள்ள எளிய இன்ஜின், பல்சர் 220-க்கு உறவு. மூன்றில் எடை குறைந்ததும், கால் தரையில் நன்றாக ஊன்றுவதும் இதுதான். உங்கள் உயரத்துக்கும் முதுகுக்கும் தினசரி நகர ஓட்டத்துக்கும் இது பொருந்தும். 48,000 கி.மீ. ஓடிய வண்டியில் நான் முதலில் காது கொடுப்பது, வால்வுகளைத் திறந்து மூடும் கேமைச் சுழற்றும் டைமிங் செயினுக்கு. ஆக்சிலரேட்டரைச் சற்றே திருகிவிடும்போது இன்ஜினின் பக்கவாட்டிலிருந்து சரசரவென்று சங்கிலி குலுங்கும் ஓசை வந்தால் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டன. ஆயில் கூலருக்குப் போகும் குழாய்களின் இணைப்பில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பயணங்களுக்கு ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: பின் சக்கரம் 15 அங்குலம், டியூப் டயர், பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அந்த அளவு டயர் சிற்றூர்க் கடைகளில் எப்போதும் கையிருப்பில் இருக்காது. பின் பிரேக் டிரம். 2016 வண்டி என்பதால், திடீரெனப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லை.

மீட்டியர் 2020 நவம்பரில் வந்தது. கீழிருந்து கம்பிகளால் வால்வைத் தள்ளும் பழைய புஷ்ராடு இன்ஜினுக்குப் பதிலாக, மேலே கேம் வைத்த முற்றிலும் புதிய 349 சி.சி. இன்ஜின், அதிர்வு தண்டர்பேர்டைவிட வெகுவாகக் குறைவு. டியூப்லெஸ் டயர், இரு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். இரண்டும் உண்டு. மனைவியை உட்காரவைத்து ஏற்காட்டு மலைப்பாதையில் இறங்கப் போகிறவருக்கு ஏ.பி.எஸ். பெரிய விஷயம் என்று அழுத்திச் சொல்வேன். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு நிறுவனம், பிளக்கில் தீப்பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயிலில் குறை இருக்கக்கூடும் என்று 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான மீட்டியரும் கிளாசிக்கும் புல்லட்டும் அதில் அடக்கம். நீங்கள் பார்த்த வண்டி அந்தக் காலத்தில் தயாரானதா என்று ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். அப்படியானால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் காயில் சோதிக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளலாம். இதற்காக அந்த வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. எடை 191 கிலோ. ஒருமுறை இன்ஜின் ஓடாத நிலையில் அதைப் பின்னால் தள்ளி நிறுத்திப் பார்த்துவிட்டு, முதுகு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டும் ஏறத்தாழ அதே எடைதான்.

பார்க்கப் போகும் நாளில் விற்பவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் புறங்கையால் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம், வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். தண்டர்பேர்டில் ஹைட்ராலிக் டேப்பெட்டில் ஆயில் ஏறும்வரை சில நொடிகள் டிக் டிக் என்ற ஒலி வரும், அது இயல்பு. நன்றாகச் சூடான பிறகும் தொடர்ந்தால் இயல்பல்ல. முதல் நிமிடம் சைலன்சரில் வரும் லேசான வெண்புகையும் சில சொட்டு நீரும் வெறும் ஈரம். நீலப்புகை ஆயில் எரிவதன் அடையாளம். அது ஆக்சிலரேட்டரைத் திருகும்போது வந்தால் பிஸ்டன் ரிங்கையும், சற்று நேரம் ஐடிலில் நின்று பிறகு கிளம்பும்போது மட்டும் வந்தால் வால்வு சீலையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது சிறிய வேலை, முதலாவது சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர் வேலை வரை போகக்கூடியது.

குரூசரில் ஹேண்டில் அகலம், ஃபோர்க் சாய்வு, எடை எல்லாம் சேர்ந்து, ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன் செட்டுக்கு வேலை அதிகம். உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை விரல்நுனியால் இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் போய்விட்டது. அதுகூடப் பெரிய செலவில்லை. ஃபோர்க் குழாய் வளைந்திருந்தால்தான் கவலை. வண்டியின் முன்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, இரு குழாய்களும் முன்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஆளில்லாத நேர்ச்சாலையில் கைகளைத் தளர்வாக வைத்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. சேசிஸ் எண் பொறித்திருக்கும் ஸ்டியரிங் கழுத்துப் பகுதியில் பெயிண்ட் நிறம் மாறியிருந்தாலோ வெல்டிங் தடம் இருந்தாலோ பேரமே பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

சென்னை வண்டி என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பகுதிகளிலிருந்து வந்த வண்டிகளை மாதக்கணக்கில் பிரித்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே நிலை. உங்கள் பட்டியலில் 2014 வண்டி இரண்டு வெள்ளத்தையும் பார்த்தது, மற்ற இரண்டும் 2023-ஐப் பார்த்தவை. மூழ்கிய வண்டியின் இன்ஜினைக் கழுவி ஓடவைத்துவிடலாம், வயரிங்கை முழுதாகக் கழுவ முடியாது. சீட்டைக் கழற்றி, அடியிலுள்ள கனெக்டர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். செம்புக்கம்பியில் பச்சை பூத்திருந்தால், அல்லது ஹெட்லைட் கிண்ணத்தின் உள்மூலையில் மெல்லிய வண்டல் படிந்திருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் தண்ணீர் அங்கே வரை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட வண்டி இன்று ஓடும், ஒரு மழைநாளில் காரணமே தெரியாமல் நிற்கும். குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் உங்களைப்போல் தினமும் ஓட்ட வேண்டியவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவு பார்த்த பிறகும் தெரியாமல் நிற்கும் பகுதிகள் உண்டு. கிராங்க் பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கியர் பற்களின் முனை எப்படி இருக்கிறது என்பதை வெளியிலிருந்து எந்த மெக்கானிக்காலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒலியும் அதிர்வும் ஊகத்தைத்தான் தரும். அதிக ஓசை எழுப்பும் மாற்றுச் சைலன்சர் போட்ட வண்டியில் அந்த ஊகமும் கெட்டுவிடும், எனவே பழைய சைலன்சரை மாட்டித்தரச் சொல்லிக் கேட்பது தவறல்ல. கம்ப்ரெஷன் சோதனை ரிங்கையும் வால்வையும் பற்றிச் சொல்லும், கிராங்கைப் பற்றிச் சொல்லாது. மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து, இன்ஜினைச் சற்று வேகப்படுத்தினால் ஏறத்தாழ 13.5-இலிருந்து 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். இது சார்ஜிங் சரியாக இருப்பதற்கு உறுதியான சான்று, கிக்கர் இல்லாத அவெஞ்சருக்கும் மீட்டியருக்கும் இதை விடவே கூடாது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது வங்கிக் கடன் பதிவு, இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் நம்மிடம் நிறைய. விபத்து இழப்பீட்டில் ஆர்.சி.யில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருப்பதால், இதை விற்பவரிடம் எடுத்துச் சொன்னால் அவரே அவசரப்படுவார். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். 2014 வண்டியின் பதிவு 2029-இல் முடிகிறது, அதன்பின் தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதையும் விலையில் கணக்கிடுங்கள்.

மூன்றில் ஒன்றைச் சொல் என்றால், சர்வீஸ் பில்கள் இருந்து, வெள்ளத்தில் நனையாதது என்று தெரிந்தால், மீட்டியருக்கே என் வாக்கு; இன்னும் நான்கு மாதம் காத்திருந்து பணம் சேர்த்தாவது அதை வாங்கலாம் என்பேன், முக்கியமாகப் பின்னால் உட்காரப் போகிறவருக்காக. காத்திருக்க முடியாது என்றால் அவெஞ்சர். டைமிங் செயினுக்கும் டயருக்கும் பணம் ஒதுக்கிக்கொண்டு வாங்குங்கள். தண்டர்பேர்டை மூன்றாவதாக வைக்கிறேன். மாடலில் எனக்குக் குறையில்லை, அந்த 9,000 கி.மீ.க்கு இதுவரை யாரும் கணக்குக் காட்டவில்லை. விற்பவர் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிக்க விட்டு, ஆண்டுவாரியான பில்களையும் எடுத்து வைத்தால் இந்த வரிசையை நானே மாற்றிச் சொல்வேன். எதை வாங்கினாலும் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்த வாரத்திலேயே இன்ஜின் ஆயில், ஃபோர்க் ஆயில், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் ஐந்தையும் மாற்றிவிட்டு, முதல் 500 கி.மீ. வரை விழுப்புரத்தைச் சுற்றியே ஓட்டுங்கள். ஏற்காடு அதற்குப் பிறகு.